இல்லத்தில் கருவாட்டு வாசனை

"மேடம், உடனே பின்கட்டுக்கு வாங்க. நீங்களே கண்ணால பாருங்க!"

வாட்ச்மேன் சேட்டு வந்து நின்ற வேகத்தில், சுப்புலக்ஷ்மியின் கையிலிருந்த காபி தளும்பியது. மந்தைவெளியில் இருந்த அந்த முதியோர் இல்லத்துக்கு அவள்தான் மேனேஜர். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு புகார் வந்ததில்லை.

வராந்தா திரும்பியதுமே அந்த வாசனை முகத்தில் அடித்தது.

கருவாடு!

சைவச் சமையல் மட்டுமே நடக்கிற இல்லம் அது. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக் கதவைத் தள்ளியவள், அப்படியே நின்றுவிட்டாள்.

வேப்பமரத்தடியில் ஒரு பாய். அதில் செம்பன் அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயது இருளர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. மகனுக்குச் செங்கல் சூளையில் வேலை, கூட வைத்துப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. பழங்குடிப் பெரியவர்களுக்கென்று இல்லத்தில் புதிதாகத் திறந்த வார்டுக்கு அவர்தான் முதல் ஆள்.

அவர் எதிரே மஞ்சள் பூசிய ஏழு கற்கள். முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தீப்பெட்டியும் கையுமாக ஆயா ருக்சார்.

"என்னடி கூத்து இது?"

ருக்சார் பதறி எழுந்தாள். தலையிலிருந்து நழுவிய துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கெழம மேடம். அவங்க சாமி கன்னியம்மாவுக்குக் கற்பூரம் ஏத்தணும்னு தாத்தா ஆசைப்பட்டாரு."

"நீ எந்த மதம்? நீ போய் கற்பூரம் ஏத்தறே?"

"நான் கும்பிடல மேடம். அவருக்குக் கை எழல. நெருப்பு மட்டும்தான் நான் வெச்சேன். கும்பிட்டது அவரு."

"ஸ்ட்ரோக் வந்த மனுஷனைத் தரையில போட்டிருக்கே. உள்ள கட்டில் எதுக்கு இருக்கு?"

"கட்டில்ல படுத்தா வுழுந்துடுவோம்னு பயப்படறாரு மேடம். ராத்திரி பூரா கண்ணு மூடறதே இல்ல. நாங்க ரெண்டு ஆயாவும் ஷீட்டோட தூக்கியாந்து பதனமா எறக்கினோம்."

"கருவாடு?"

"எங்க வூட்ல ஆக்கினது. முள்ளு எடுத்து, சோத்தோட மசிச்சுத்தான் ஊட்டினேன்."

கேட்ட கேள்விக்கெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் பதில் வந்தது. அதுதான் சுப்புலக்ஷ்மிக்கு இன்னும் ஆத்திரமூட்டியது.

"போதும். பையை எடுத்துக்கிட்டு கிளம்பு. நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

ருக்சார் தீப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்கம்மா..."

சுப்புலக்ஷ்மி திடுக்கிட்டுத் திரும்பினாள். குழறலாக, ஆனால் தெளிவாகப் புரியும்படி பேசியது செம்பன்!

வந்து பதினோரு நாளாகிறது. யாரிடமும் ஒரு வார்த்தை பேசாத மனிதர். நாலு நாளாகச் சாப்பாட்டை வாயில் வைத்தாலே துப்பிக்கொண்டிருந்தார். வரும் திங்கட்கிழமை மூக்கில் குழாய் போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லி, அவளும் சரி என்றிருந்தாள்.

இப்போது அவர் பக்கத்தில் இருந்த தட்டு காலி.

"நாந்தான் கேட்டேன். அது செஞ்சுச்சு" என்றார் செம்பன்.

சுப்புலக்ஷ்மி காலித் தட்டை இன்னொரு தரம் பார்த்தாள். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை.

"ருக்சார், இல்லம்னா ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு. ஆளாளுக்கு இஷ்டப்படி பண்ண முடியுமா?"

"ரூல் பாத்துத்தான் மேடம் பண்ணேன்." ருக்சார் நிஜமாகவே குழம்பிப் போயிருந்தாள். "எல்லாம் எழுதியே வெச்சுக்கீறாங்களே!"

"எங்க எழுதியிருக்கு? காட்டு!"

உள்ளே ஓடிய ருக்சார், ஒரு நீல ஃபைலோடு திரும்பி வந்தாள்.

"பெட்ஷீட் அலமாரில அடியில கெடந்திச்சு மேடம். தாத்தா ஒரு வாய் சோறு எறங்காம கெடக்கறாரே, இதுல எதுனா வழி போட்டுக்கீதான்னு வூட்டுக்கு எடுத்துக்கினு போனேன். கேக்காம எடுத்தது தப்புதான். எனக்கு இங்கிலீஷ் வராது. எம்பொண்ணு மஹ்விஷ் ப்ளஸ் டூ படிக்குது. அதான் பத்தொம்பது பக்கமும் படிச்சு, தமிழ்ல எழுதிக் குடுத்துச்சு."

சுப்புலக்ஷ்மி பிரித்தாள். ஓரங்களில் பென்சிலில் குட்டிக் குட்டியாகத் தமிழ் எழுத்து.

'தரையில் படுக்க விரும்பினால் பாய் போட வேண்டும்.'

'அவர்கள் சாப்பாடு, அவர்கள் ருசியில்.'

'கன்னியம்மா வழிபாட்டைத் தடுக்கக் கூடாது. முடியாதவருக்கு உதவ வேண்டும்.'

'பேசாமல் இருந்தால் வற்புறுத்தாமல் பக்கத்தில் உட்கார வேண்டும்.'

அட்டையைத் திருப்பினாள். 'இருளர் முதியோரின் பண்பாட்டுக்கு ஏற்ற நீண்டகாலப் பராமரிப்புத் திட்டம்' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. கீழே இல்லத்தின் பெயர் மட்டும்.

சுப்புலக்ஷ்மிக்கு அந்த அட்டை நன்றாகத் தெரியும்.

போன வருஷம் வெளிநாட்டு அமைப்பு ஒன்று கேட்டது என்பதற்காக, ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து, அந்த அறிக்கையில் நாலு வரி, இந்தக் கட்டுரையில் நாலு வரி என்று எடுத்துத் தைத்தது அவளேதான். வார்டுக்கு அனுமதி வந்த அன்றைக்கு மூடிய ஃபைலை அப்புறம் திறக்கவில்லை. செம்பன் வந்து இறங்கும்வரை ஓர் இருளரோடு அவள் பேசியதுகூடக் கிடையாது.

"நாங்க எதுனா தப்பா புரிஞ்சுக்கினோமா மேடம்?"

சுப்புலக்ஷ்மி ஃபைலை மூடினாள்.

ருக்சார் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"போறதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு மேடம். இத எழுதினவங்க இந்த மாதிரிப் பெரியவங்களோட பல வருஷம் ஒண்ணா இருந்திருக்கணும். இல்லாங்காட்டி இவ்ளோ தெரியுமா? அவங்க யாருன்னு சொல்லுங்களேன். ஒரு தபா நேர்ல பாத்து சலாம் சொல்லிட்டுப் போறேன்."