இது போதும், டாக்டர்

"அதைத் தொடாதீங்க டாக்டர். அது உங்களுக்கு வேண்டாம்!"

இசைக்கருவிக் கடை விற்பனையாளர் இப்படிச் சொன்னதும் பல் டாக்டரம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். கூட வந்திருந்த கணவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஏன், நாங்க வாங்க மாட்டோமா? எங்களைப் பார்த்தா அப்படியா தெரியுது?"

"அதுக்கில்ல சார். டாக்டரோட நல்லதுக்குத்தான் சொல்றேன்."

டாக்டரம்மா கை நீட்டியது ஒரு பசூனை நோக்கி. ஆள் உயர ஊதுகுழல். சிவந்த மரம், பளபளக்கும் வெள்ளிப் பொத்தான்கள். கணவர் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'புகைபோக்கி'.

டாக்டரம்மா நாலு வருஷமாக இரவல் பசூனில் பழகியவர். இரவல் கொடுத்தவர் வேலை மாற்றலாகிப் போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நகர இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். பசூனுக்கு இருப்பது ஒரே ஒரு இடம். அன்றைக்குக் கிழமை புதன். கடைக்குள் நுழைந்ததுமே டாக்டரம்மா இதையெல்லாம் சொல்லிவிட்டிருந்தார்.

"இதுவரைக்கும் எதுல வாசிச்சீங்க?" என்று கேட்டார் விற்பனையாளர்.

"பிளாஸ்டிக் உடம்புதான்."

"அப்ப அதே ரகத்தையே எடுங்க."

மூலையிலிருந்து ஒரு கறுப்பு பசூன் வந்தது. அதன் விலைச்சீட்டைப் பார்த்த கணவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மரத்தின் விலையில் அஞ்சில் ஒரு பங்குதான்!

"மரத்துல நாதம் நல்லா இருக்குமே?" டாக்டரம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

"இருக்கும். எப்ப? பழகினதுக்கப்புறம்! புது மரம் ரொம்ப முரண்டு பண்ணும் டாக்டர். தினம் அரை மணி நேரம்னு மாசக்கணக்கா ஊதித்தான் வழிக்குக் கொண்டு வரணும். நாலு நாள்ல பழகவே பழகாது. வாசிக்கிற அன்னிக்குப் பார்த்துக் காலை வாரிடும்."

"ஓ..."

"உங்களுக்குக் கையும் சின்னக் கை. இதுன்னா எடை கம்மி, விரல் எட்டும். உங்க லெவலுக்கு இது போதும் டாக்டர். மிச்சப் பணத்தைப் பத்திரமா வெச்சுக்குங்க. ரெண்டு வருஷம் போகட்டும், நல்ல மரமா நானே பார்த்துத் தர்றேன்."

டாக்டரம்மா நெகிழ்ந்து போனார். போன வாரம் ஒரு பல்லைக் காட்ட வந்தவருக்குப் பக்கத்துப் பல்லுக்கும் சேர்த்துக் கேப் போட்டு அனுப்பியது ஞாபகம் வந்து, கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

கறுப்பு பசூனோடு வெளியே வந்ததும் கணவர் ஆரம்பித்தார்.

"விலை கூடினதை வேண்டாம்னு சொல்ற வியாபாரியை என் ஆயுசுல பார்த்ததில்ல. எங்கேயோ இடிக்குதே?"

"உங்களுக்கு எல்லாமே இடிக்கும். ஊர்ல இன்னும் நல்லவங்க இருக்காங்க. அந்த மனுஷனைப் பார்த்துக் கத்துக்குங்க!"

அடுத்த நாலு நாளும் கணவருக்கு அர்ச்சனைதான். காப்பி ஆறிப்போனதற்குக்கூட, 'அந்தக் கடைக்காரரோட பெண்டாட்டி கொடுத்து வெச்சவ' என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை.

அரங்கத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் ஆறு பேர், கையில் நம்பர் சீட்டோடு காத்திருந்தார்கள். உள்ளே ஒரு திரைக்குப் பின்னால் நின்று வாசிக்க வேண்டும். வாசிப்பது யாரென்று தேர்வாளர்களுக்குத் தெரியாது. நம்பரை மட்டும்தான் குறித்துக்கொள்வார்கள்.

டாக்டரம்மாவுக்கு நம்பர் மூன்று. பக்கத்தில் நம்பர் நாலு, குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தது. மடியில் அதே சிவப்பு மர பசூன்!

"நீங்களா?!"

கடை விற்பனையாளர் பசூனைக் காலுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேன்ல, இடிக்குதுன்னு?" என்றார் கணவர், ரொம்பச் சந்தோஷமாக.

"பதினஞ்சு வருஷமா காத்து ஒழுகுற ஓட்டை பசூன்ல வாசிக்கிறேன் டாக்டர். இதைக் கேட்டு முதலாளிகிட்டக் கெஞ்சினேன். சனிக்கிழமை வரைக்கும் விக்கலைன்னா, ஞாயித்துக்கிழமை ஒரு நாளைக்கு எடுத்துக்கோன்னார். அதான்..."

"அதான் என் தலையில மிளகாய் அரைச்சீங்களா?"

"நம்பர் மூணு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

டாக்டரம்மா கொதித்துக்கொண்டேதான் உள்ளே போனார். ஆனால் வாயில் வைத்தது நாலு வருஷமாகப் பழகிய ரகம். விரல்கள் தானாக ஓடின. கோபத்தில் மூச்சும் தாராளமாக வந்தது.

அடுத்தது நம்பர் நாலு. ஆரம்பம் என்னவோ கம்பீரமாகத்தான் இருந்தது. மூன்றாவது வரியில் ஒரு சுரம் வழுக்கியது. உச்சிக்கு ஏற வேண்டிய இடத்தில், ஏற மாட்டேன் என்று பசூன் அடம்பிடித்தது. அவர் விடாமல் ஊத, எண்ணெய் காணாத கதவு மாதிரி கிறீச்சிட்டது. தேர்வாளர்கள் பக்கமிருந்து யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

ஆறு பேரும் வாசித்து முடித்த அரை மணி நேரத்தில் கதவில் முடிவை ஒட்டினார்கள். நம்பர் மூன்று!

"என் புகைபோக்கி ஜெயிச்சிடுச்சு!" என்று கணவர் குதித்தார்.

டாக்டரம்மா நேராக விற்பனையாளரிடம் போனார். நாக்கைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி நாலு கேள்வி தயாராக வைத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றுதான் மிஞ்சியது.

"ஏங்க, புது மரம் நாலு நாள்ல பழகாது, காலை வாரிடும்னு எனக்கு அவ்வளவு தெளிவா எடுத்துச் சொன்னீங்க. அப்புறம் நீங்களே அதைத் தூக்கிட்டு வரலாமா?"

அவர் பரிதாபமாக நிமிர்ந்தார்.

"அது பொய்யின்னு நெனச்சுத்தானே டாக்டர் சொன்னேன்!"