ஏமாந்தவரின் வாக்குமூலம்

"என் பேர்ல, என் போட்டோவைப் போட்டு, எவனோ கணக்கு ஆரம்பிச்சிருக்கான் மேடம்! யார்கிட்ட வாலாட்டுறோம்னு தெரியாம ஆட்டிட்டான்!"

வழக்கறிஞர் மேஜையைத் தட்டிய தட்டில் இன்ஸ்பெக்டரின் டீ தளும்பியது.

கோபம் வராமல் என்ன செய்யும்? இணையத்தில் அடுத்தவர் பெயரில் உலவுகிறவர்களைச் சட்டம் என்ன பாடு படுத்தும் என்று மேடை மேடையாக முழங்குகிறவர் அவர். முந்தின நாள்கூட ஒரு கல்லூரியில் தொண்டை கட்டப் பேசிவிட்டு இறங்கினார். ஒரு மாணவி செல்போனை நீட்டி, "சார், இதுவும் உங்க கணக்கா?" என்று கேட்டுவிட்டாள். அத்தனை பேர் முன்னால் மானம் கப்பலேறிவிட்டது.

"ஜெயில், அபராதம் ரெண்டும் வாங்கித் தரணும். கூடப் பொறந்தவனா இருந்தாலும் விடாதீங்க!"

புகார் மனுவோடு காவல் நிலைய வாசலில் நின்று ஒரு படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். லைக் குவிந்தது.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பினார்.

"பணம் கேட்டிருக்கானா மேடம்? பொண்ணுங்ககிட்ட வம்பு பண்ணிருக்கானா?" வழக்கறிஞர் குரலில் ஆசையே தெரிந்தது. வழக்கு பெரிதாக இருந்தால்தானே பேச்சும் பெரிதாகும்!

"அதெல்லாம் இல்ல சார். அந்தக் கணக்குல ஒரே ஒருத்தர்தான் நட்பு. ஒரு வயசான அம்மா. மாத்திரை போட்டாச்சா, முட்டி வலி எப்படி இருக்கு, ஈரத் தரையில பார்த்து நடம்மா... தினமும் இதே பேச்சுதான்."

"யார் அந்த அம்மா?"

"உங்க அம்மாதான் சார்."

வழக்கறிஞர் துள்ளி எழுந்தார்.

"பார்த்தீங்களா! தனியா இருக்கிற என் தாயை ஏமாத்திருக்கான். நெஞ்சு பதறுது மேடம்!"

பதறாதா பின்னே? 'அம்மாவே என் தெய்வம்' என்று அவர் எழுதிய பதிவைப் படித்து எத்தனையோ பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அந்தப் பதிவுல இருந்துதான் உங்க போட்டோவை எடுத்திருக்காங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க பார்க்கச் சொன்ன உங்க அசல் கணக்கையும் பார்த்தோம். அம்மா அனுப்பின நட்பு அழைப்பு ரெண்டு வருஷமா அப்படியே கிடக்கு."

"நூத்துக்கணக்குல வருது மேடம். எதைன்னு பார்க்கிறது?"

இன்ஸ்பெக்டர் கோப்பைத் திறந்தார். ஒரு துண்டுத் தாளை நகர்த்தினார். "போலிக் கணக்கை இந்த நம்பரை வச்சுத்தான் ஆரம்பிச்சிருக்காங்க. தெரிஞ்ச ஆளான்னு பாருங்க."

வழக்கறிஞர் செல்போனில் அந்த எண்ணைத் தட்டினார். திரையில் 'வீடு' என்று வந்தது. மனைவியின் எண்ணை அவர் அப்படித்தான் பதிந்துவைத்திருந்தார்.

நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். குரலும் கூடவே இறங்கியது.

"மேடம்... இது குடும்ப விஷயம். காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடலாமே?"

"கூடப் பொறந்தவனா இருந்தாலும் விடாதீங்கன்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

"கூடப் பொறந்தவனைத்தானே சொன்னேன்!"

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "ஏமாந்தவங்களை ஒரு வார்த்தை கேட்காம எப்படி மூடுறது? சட்டம் உங்களுக்குத் தெரியாததா?"

வழக்கறிஞர் தடுப்பதற்குள் அவருடைய அம்மாவின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"அம்மா, போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து பேசுறேன். பயப்படாதீங்க. உங்க பையன் பேர்ல வேற யாரோ தினமும் உங்களுக்கு மெசேஜ் அனுப்பி ஏமாத்திட்டதா, பையன் புகார் கொடுத்திருக்கார்."

"ஐயோ, அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்கம்மா!" மறுமுனைக் குரல் பதறியது. "தங்கமான மருமக. என்னை யாரும் ஏமாத்தல. அது என் பையன் இல்லைன்னு எனக்கு முதல் நாளே தெரியும்."

"எப்படிம்மா தெரியும்?"

வழக்கறிஞரும் காதைத் தீட்டிக்கொண்டார். அடுத்த மேடைக்கு உதவுமே!

"எடுத்த எடுப்புலயே 'சாப்பிட்டியாம்மா'ன்னு கேட்டுச்சேம்மா!"