செத்த கன்றுக்குச் சிவப்பு ரிப்பன்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நடந்த கதை இது. உரக்கச் சொல்ல முடியாது, ஆளுங்க இன்னும் அங்கேதான் இருக்காங்க.

புஷ்பலதா ஊர்த் தலையில் மண்ணை அள்ளிப் போடுகிறாள் என்றுதான் கனகராஜுக்குத் தோன்றியது.

பின்னே என்ன? விடிந்தால் வன இலாகா ஆபீசர் மலையேறி வந்து மரக்கன்றுகளை எண்ணப் போகிறார். இவளோ செத்துப்போன கன்றுக்கெல்லாம் தேடித் தேடிச் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

“என்னக்கா இது? செத்ததை மறைப்பாங்க. நீ கல்யாண வீடு மாதிரி ஜோடிக்கிறியே?”

“தூரத்துல இருந்தே தெரியட்டும்னுதான். பசியாறிட்டியா?”

“எனக்கு எங்க பசிக்குது?”

அவனுக்குப் பசிக்காததில் நியாயம் உண்டு. பழைய ரப்பர் தோட்டத்து ஜனங்கள், ஐம்பது குடும்பம், அந்த மலையடியில் இருக்கிறார்கள். யாரோ மரத்தை வெட்டி விற்றதில் மலை சொட்டையாகிவிட்டது. ஒரு மழை பெய்தால் போதும், ஆற்றுத் தண்ணீர் குழாயில் தே தாரேக் பால்டீ நிறத்தில் வரும்.

இலாகாக்காரர்கள் பதினான்கு பேரைச் சேர்த்து, சனிக்கிழமை தோறும் பயிற்சி கொடுத்தார்கள். எந்தக் கன்று எந்த மண்ணில் பிழைக்கும், மரத்தை எப்படி அளப்பது, காற்றில் இருக்கும் கரியை மரம் எப்படி உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், எல்லாம் சொன்னார்கள். பிறகு நானூறு கன்று கொடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து முந்நூறாவது உயிரோடு நின்றால், பத்து வருஷத்துக்கு மலை ஊர்க்காரர்கள் கையில். இல்லாவிட்டால் வெளியாளுக்கு.

கையுறை ஃபேக்டரியில் வேலை செய்யும் புஷ்பலதாதான் குழுவுக்குத் தலைவி.

“எத்தனை நிக்குது?”

“இருநூத்து எண்பத்தெட்டு.”

“அதுக்குத்தான் லோரியில அறுபது கன்னு ஏத்திட்டு வந்திருக்கேன். பொழுது சாயறதுக்குள்ள நட்டுடலாம்லா. எங்கப்பா பால் வெட்டுன காலத்துல, துரை வர்றார்னா மரத்துக் காயத்துல களிமண்ணைப் பூசிடுவாராம். துரை கண்டாரா?”

“சரி, அந்தப் பட்டையில அப்புறம் பால் வந்துச்சா?”

கனகராஜ் லோரியை நோக்கித் திரும்பினான்.

“செத்த இடத்துலயே புதுசை வச்சா அதுவும் சாகும், தம்பி. முதல்ல ஏன் செத்துச்சுன்னு பார்க்கணும்.”

ஒவ்வொரு ரிப்பனுக்கும் பக்கத்தில் குந்தி, மண்ணைக் கிள்ளிப் பார்த்து, நோட்டில் எழுதினாள். கீழ் நிரைக்கு வந்ததும் கனகராஜ் அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

ரெண்டு மாதத்துக்கு முந்தி ஆட்டுக்குக் குழை வெட்ட வந்த கனகராஜ்தான் வேலிக் கதவைக் கொக்கி போடாமல் போய்விட்டான். அவனுடைய பதினொரு ஆடும் உள்ளே புகுந்து நாற்பத்தொரு கன்றை மொட்டையடித்துவிட்டன. விரட்டிக் கொண்டுபோய்க் கட்டினான். யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் ஊரே காறித் துப்பும்.

“இதெல்லாம் மான் கடிச்சதுக்கா. மான்னு எழுதிக்க.”

அவள் அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுதினாள்.

மறுநாள் ஆபீசர் வந்தார். எண்ணினார்.

“பன்னிரண்டு குறையுதே.”

குழுவில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கனகராஜ் மட்டும் முன்னால் வந்து ஆபீசரிடம் பவ்யமாகச் சொன்னான்.

“நான் அப்பவே சொன்னேன் துவான். இவங்க யார் பேச்சையும் கேக்குறதில்ல.”

புஷ்பலதா நோட்டை நீட்டினாள். ஆபீசர் ஒரு பாறையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தார். இந்த இடத்தில் தண்ணீர் தேங்குது. இங்கே வெயில் அதிகம். இது காட்டுப்பன்றி கிளறினது. பாதியில் விரலை வைத்து நிறுத்தினார்.

“கீழ் நிரையில நாற்பத்தொண்ணு. ஆடுன்னு எழுதியிருக்கு. யார் ஆடு?”

கனகராஜ் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தான்.

“எங்க ஆடு துவான்,” என்றாள் புஷ்பலதா. “கதவை மூடாம விட்டுட்டோம். எங்க தப்பு.”

அவள் வீட்டில் ஒரு கோழிகூடக் கிடையாது.

ஆபீசர் நோட்டை மூடினார். “போன வாரம் இன்னொரு இடத்துக்குப் போனேன். ஒண்ணுகூடச் சாகலைன்னாங்க. பாதிக் கன்னுக்கு அடியில மண்ணு இன்னும் காயல. முந்தின நாள்தான் நட்டிருக்காங்க. நீங்க செத்ததை மறைக்கல. மலை உங்ககிட்டயே இருக்கட்டும். குறையிற பன்னிரண்டை மூணு மாசத்துல தேத்திடுங்க.”

கையெழுத்துப் போட்டு, ஒப்புதல் பாரத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். ஜனங்கள் மைலோ பானம் கலக்கக் கிளம்பினார்கள். கனகராஜ் பின்தங்கி அவள் பக்கம் வந்தான்.

“எப்பக்கா தெரியும்?”

“ஆடு மேஞ்ச அன்னிக்கே. ஆட்டுப் புழுக்கை எது, மான் புழுக்கை எதுன்னு பயிற்சியில காட்டுனாங்களே. நீதான் அந்தச் சனிக்கிழமை வரல.”

“ஊர்ல சொல்லிடுவியா?”

புஷ்பலதா பாரத்தை முழங்காலில் விரித்தாள். ‘வனக் காவல் பொறுப்பாளர்’ என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. அதில் கொட்டை எழுத்தில் ‘கனகராஜ்’ என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை அவனிடம் நீட்டினாள்.