இன்னும் ஐந்து கிலோ

எடை மிஷினிலிருந்து என் கணவர் இறங்குவதற்குள் என் ஓரகத்தி குனிந்து எண்ணைப் பார்த்துவிட்டாள்.

"ஏறியிருக்கு" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், ஏறி நின்றது நான் என்பதுபோல.

இன்னும் ஐந்து கிலோ குறைந்தால்தான் ஆஸ்பத்திரியில் அவரை மேஜையில் படுக்கவைப்பார்கள். அவருடைய கிட்னியில் ஒன்றை எடுத்து அவர் தம்பிக்கு வைப்பார்கள். தம்பி, அதாவது இவளுடைய புருஷன், பக்கத்து அறையில் கட்டிலில் கிடக்கிறான். நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. அங்கே இருமினால் இங்கே கேட்கும். இங்கே கத்தினால் அங்கே கேட்காமலா இருக்கும்?

மாதக்கணக்கில் ஏறி இறங்கி அதே ஐந்து கிலோ. இனியும் தள்ளிப்போட்டால் தம்பி தாங்க மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் குளிக்கப் போனார். அவள் நேராக என் சமையலறைக்கு வந்தாள்.

அவளுக்கு எல்லாம் இயற்கையாக இருக்க வேண்டும். வெள்ளரிக்காய், கீரை, ஆப்பிள். இனிப்பு கேட்டால் சொட்டு எண்ணித் தேன். அவளே வாங்கி, அவளே நறுக்கி, என் ஃப்ரிட்ஜைத் திறந்து, என் பாலைத் தள்ளிவைத்துவிட்டு அடுக்குவாள். நான் கடையில் விற்கும் பொடியை நம்பினேன். சர்க்கரைக்குப் பதில் போடுவது. கலோரி பூஜ்ஜியம் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. டீ இனிக்காவிட்டால் மனுஷர் வெளியே போய்க் கண்டதையும் தின்பார் என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய தேன்தான் எடையை ஏற்றுகிறது என்று நான். என் பொடிதான் உடம்பை ஊதவைக்கிறது என்று அவள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளைப் பட்டினி போட்டோம். ஆள் மட்டும் இளைக்கவில்லை.

"இந்தக் கெமிக்கலைப் போட்டுப் போட்டே இருக்குற கிட்னியையும் நாசமாக்கிடுவீங்க போல. அது எங்களுக்கு வர வேண்டியது, அக்கா."

"இன்னும் அவர் உடம்புலதான் இருக்கு. உன் கைக்கு வந்ததும் கழுவித் துடைச்சு வச்சுக்கோ."

அவள் அலமாரியிலிருந்து அந்த டப்பாவை எடுத்தாள். மூடியைத் திருகிக் கழற்றி சிங்க்கில் கவிழ்த்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். பாதி தரையில் கொட்டியது.

"என்னைக்காவது நாக்குல வச்சுப் பாத்திருக்கீங்களா இதை? முதல்ல இனிக்கும். அப்புறம் பாருங்க, மாத்திரையை மென்ன மாதிரி."

எனக்குக் காட்டுவதற்காகவே விரலை நக்கினாள். முகத்தைச் சுளிக்கத் தயாராக வைத்திருந்தாள்.

சுளிக்கவில்லை.

இன்னொரு விரலையும் நக்கினாள். மெதுவாக.

"சர்க்கரை" என்றாள்.

நான் குனிந்து தரையில் கிடந்ததைத் தொட்டு வாயில் வைத்தேன். சர்க்கரைதான். பொடியைப் போலவே தெரிய வேண்டும் என்று மாவாக அரைத்த சர்க்கரை.

"நல்லா இருப்பீங்களா நீங்க? அந்தப் பக்கம் கிடக்குற மனுஷனுக்கு சூப்பு வச்சுக் கொடுத்த கைதானே இது?"

நான் அந்த டப்பாவைத் தொடுவதே இல்லை. வாங்கி வைப்பதோடு சரி. அவர் டீயை அவரே கலந்துகொள்வார், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. குடித்த டம்ளரைக்கூடக் கழுவாத மனுஷர், கொஞ்ச நாளாக மிக்ஸி ஜாரைக் கழுவிக் கவிழ்த்துவைக்கிறார். தம்பிக்கு முடியாமல் போனதும் ஆள் திருந்திவிட்டார் என்று என் அம்மாவிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

இனிப்புக்கு ஏங்குகிறவன் சர்க்கரையை அள்ளித் தின்பான். அதை மாவாக அரைத்து, வேறு டப்பாவில் நிரப்பிக்கொண்டிருக்க மாட்டான்.

அவர் வந்து கதவருகே நின்றார். தோளில் ஈரத் துண்டு. சிங்க்கைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவர் முகத்தையும் விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

பயந்த முகம். இத்தனை நாளும் அதை நான் சோம்பல் என்று நினைத்திருந்தேன்.

"யாரு போட்டா?" ஓரகத்தி கத்தினாள். "வாயைத் திறந்து சொல்லுங்க. யாரு இதுல சர்க்கரையைப் போட்டா?"

பலகைக்கு அந்தப் பக்கம் இருமல் நின்றிருந்தது. கட்டில்கூட முனகவில்லை.

அண்ணி கெடுத்தாள் என்றால் அவன் என்னைச் சபித்துக்கொண்டு படுத்திருப்பான். சபிக்கிறவனுக்குக் கொஞ்சம் தெம்பாவது இருக்கும். அண்ணன் என்று தெரிந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான். அவ்வளவுதான்.

"நான்தான்" என்றேன். "என் புருஷனை அறுக்க விடமாட்டேன். போடி."

அவள் டப்பாவை என்மேல் எறிந்தாள். தோளில் பட்டு உருண்டது. எனக்கு வலிக்கவில்லை. நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல ஐந்து கிலோ குறைய வேண்டியதில்லை.

அவர் தொண்டையைச் செருமினார். பலகைக்கு அந்தப் பக்கமும் நன்றாகக் கேட்கும்படி, உரக்கச் சொன்னார்.

"அடிப்பாவி! என் தம்பிக்கே இப்படிப் பண்ணிட்டியேடி!"