அற்புதத்தில் நுரை

சத்தியமாகச் சொல்கிறேன், ஓங்கி அடித்துச் சொல்கிறேன்: இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. இருந்தால் என் மீசை கொதிக்கிற ஊற்றில் விழுந்து வேகட்டும்.

அமெரிக்காவில் வயோமிங் மலைக்காட்டைச் சர்க்கார் பூங்காவாக்கி, குதிரைப்படையைக் காவலுக்கு வைத்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

“என் சோப்பு ஒண்ணைக் காணோம்னு விடியறப்பவே சொன்னேன். எடுத்தவன் எவனோ அவன்தான் போட்டிருக்கணும். நான் போடலை!”

தாபித்தா போட்ட கத்தலில், ஆராதனைக்கு வந்திருந்த சீமாட்டிகள் குடையை மடக்கிக்கொண்டார்கள்.

நடந்தது இதுதான். ‘கிழவி’ என்று பேர் வைத்திருந்த வெந்நீர் ஊற்று பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரமாகப் பெஞ்சு போட்டுப் பிரசங்கம். மோசே பாறையை அடித்துத் தண்ணீர் வரவழைத்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்த போதகர் குவின்பி, கையைத் தூக்கி, “தண்ணீரே, புறப்படு!” என்றார்.

கிழவி எழுந்தாள். பைன் மரங்களுக்கு மேலே சீறினாள். அந்தப் பக்கம் பறந்த வாத்து ஒன்று வெந்தே விழுந்தது. (சத்தியம் பண்ணியிருக்கிறேன், மறந்துவிட வேண்டாம்.)

“அற்புதம்! அல்லேலூயா!” கூட்டம் மண்டியிட்டது.

காவலுக்கு நின்ற கார்ப்போரல் ஹைரம் மட்டும் முகம் சுளித்தான். வழிந்து வந்த தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக நுரை. அதைக் குதிரைப்படையின் கேப்டனும் பார்த்தார், கூட்டமும் பார்த்தது.

சோப்புக் கட்டியைப் போட்டால் தூங்குகிற ஊற்றும் பொங்கிவிடும். அடிக்கடி போட்டால் ஒரேயடியாகச் செத்துப்போகும். அதனால் போட்டவர் யாரானாலும் பொழுது சாய்வதற்குள் பூங்காவைவிட்டு வெளியே. திரும்பி உள்ளே கால் வைக்க முடியாது. படையின் சட்டம் அது.

சோப்பு யாரிடம் இருக்கும்? கூடார விடுதியில் துணி வெளுக்கிறவளிடம். எல்லாத் தலையும் தாபித்தா பக்கம் திரும்பின.

“ஒத்துக்கோ மகளே. கர்த்தர் மன்னிப்பார்,” என்றார் குவின்பி, உருகி உருகி.

“செய்யாததுக்கு எதுக்குங்க மன்னிப்பு?”

அடுத்த ஞாயிறு அவளுக்கும் ஹைரமுக்கும் கல்யாணம். அவளை வெளியே அனுப்பிவிட்டால், படையில் இன்னும் நாலு வருஷம் எழுதிக் கொடுத்திருக்கிற அவன் உள்ளேதான். கல்யாணம் காற்றோடு போச்சு.

“ஹைரம், நீயாவது சொல்லேன்! வாயில என்ன, ரொட்டி அடைச்சிருக்கா?”

அவன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தாபித்தா கூடாரத்துக்குப் போய்ப் பெட்டியில் துணியை அறைந்து அறைந்து அடுக்கினாள். பாதி அடுக்குவதற்குள் விடுதிக்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“அடியே, நீ போக வேணாம்! நான்தான் போட்டேன்னு ஹைரம் கேப்டன்கிட்ட ஒத்துக்கிட்டான். சிப்பாயை எங்கே விரட்டறது? கார்ப்போரல் கைப்பட்டையைப் பிய்ச்சுட்டு, குதிரை லத்தி அள்ள விட்டுட்டாங்க!”

தாபித்தாவுக்கு இப்போதுதான் நிஜமாகவே கோபம் வந்தது. நேரே லாயத்துக்குப் போனாள்.

“போட்டதையும் போட்டுட்டு, என்னைத் திருடி மாதிரி நிக்க வச்சு வேடிக்கை பார்த்தியா?”

“மெதுவா பேசு. நான் போடலை. குவின்பி போட்டார். என் கண்ணால பார்த்தேன். மோசே பேரைச் சொல்லிக்கிட்டே காலால தள்ளிவிட்டார்.”

தாபித்தா அவன் கையிலிருந்த மண்வாரியைப் பிடுங்கினாள். உதவி செய்ய அல்ல.

“அப்புறம் ஏண்டா மரமா நின்ன?”

“சொன்னா அவரை இன்னிக்கே துரத்திடுவாங்க. இந்த மலையில இருக்கிற போதகர் அவர் ஒருத்தர்தான். பனி கொட்ட ஆரம்பிச்சா அடுத்த வசந்தம் வரைக்கும் வேற ஆள் வரமாட்டாங்க. நமக்கு யார் கல்யாணம் பண்ணி வைப்பா?”

“அந்தப் பொய்யன் கையாலயா ஆசீர்வாதம்?”

“ஆசீர்வாதம் அவரோடதா? கர்த்தரோடது.”

“இப்ப மட்டும் நல்லா பேசத் தெரியுது!” மண்வாரியை அவன் காலடியில் வீசினாள். “உனக்காக ஞாயித்துக்கிழமை ஆமென் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிறேன். அதுக்கு மேல ஒரு நொடி பொறுக்கமாட்டேன்.”

ஞாயிறு வந்தது. கேப்டன் தன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். குவின்பி உண்மையின் மகிமையைப் பற்றி நீட்டி முழக்கினார். மோதிரம் மாற்றினார்கள். கடைசியில் ஒருவழியாக, “ஆமென்.”

முத்தமிடக் குனிந்த ஹைரமைத் தாபித்தா முழங்கையால் ஒதுக்கினாள்.

“கேப்டன் ஐயா! ஊத்துல சோப்பு போட்டது, இதோ, வெள்ளையும் சொள்ளையுமா நிக்கிறாரே, இந்தப் போதகர்! என் புருஷன் கண்ணால பார்த்தார்!”

குவின்பியின் முகம் வெளுத்தது. ஆனால் கூட்டத்தில் யாரும் திடுக்கிடவில்லை. ஒருவர் இருமினார். ஒரு சீமாட்டி குடைக் காம்பைத் துடைத்தாள்.

“என்ன எல்லாரும் சும்மா இருக்கீங்க?”

கேப்டன் தொண்டையைக் கனைத்தார். “அன்னிக்கு முன் வரிசையில இருந்த எங்க கண்ணுலயும் பட்டுச்சும்மா.”

“தெரிஞ்சேவா என் மேல பழி விழ விட்டீங்க? தெரிஞ்சேவா இவர் பட்டையைப் பிய்ச்சீங்க?”

“ஸ்ஸ்... சத்தம் போடாதே, குழந்தை தூங்குது,” என்றார் கேப்டன். “நாளைக்கு இவனுக்கு ஞானஸ்நானம். அது முடியட்டும், போதகரை விரட்டிடலாம்.”

இந்தக் கதையை உங்களுக்குச் சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்தக் குழந்தை இப்போது பெரிய நீதிபதி, என் அடுத்த வீட்டில்தான் குடியிருக்கிறார்.