காம்புக்கு இரண்டு பைகள்

"நான் காம்புக்கு வரேல்லை, அன்ரி" என்று வாசலிலேயே சொல்லிவிட்டான் டெஸ்மன்.

வெம்பிளித் தேவாலயப் பங்குப் பிள்ளைகள் கடற்கரையில் மூன்று இரவு தங்கும் கோடை காம்ப் அது. கோச் பஸ் மாலையில் புறப்படுகிறது. ஆள் சேர்க்கும் இசபெல் அன்ரி, ஒரு கையில் ஸ்லீப்பிங் பாக்கும் மறுகையில் சூட்கேசுமாக நின்றார்.

"ஏனடா? றெஜினோல்ட் மாமா லீவு போட்டுட்டுக் கோச் ஓடுறார். கடைக்காரர் சாப்பாடு தாறார். உனக்கு இந்த ஸ்லீப்பிங் பாக்கும் இரவல் வாங்கியாச்சு."

"வேறை இடத்திலை எனக்கு நித்திரை வராது."

"பதினாலு வயசிலையோ?"

டெஸ்மன் தலையைக் குனிந்துகொண்டான். இத்தனை பேர் தனக்காக மினைக்கெட்டிருக்க, மறுப்பது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"அந்தச் சூட்கேசும் எனக்கே? இவ்வளவு உடுப்பு வேண்டாம், அன்ரி."

"இது என்ரை. இண்டைக்கு இரவு நான் இஞ்சைதான் படுக்கப்போறன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நடுச்சாமத்திலை எழும்பி, ஏலாமல் கிடக்கிற அம்மாவை மற்றப் பக்கம் திருப்பிப் படுக்கவைக்கிறது நீதானே? எப்பிடியெண்டு எனக்கு ஒருக்காக் காட்டித் தா."

"அப்ப நாளைக்கு..?"

"மற்ற ரெண்டு இரவுக்கும் கோயில் ஆக்கள் நான் முந்தி நீ முந்தியெண்டு நிக்கினம்."

"தாங்ஸ் அன்ரி" என்றான். சூட்கேசை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

உள்ளே கட்டிலிலிருந்து அம்மா கூப்பிட்டுச் சொன்னார்:

"மூண்டு இரவும் எழும்பாமல் நித்திரை கொண்டிட்டு வா, ராசா."