முழ நீள எஞ்சின்

பைக் விபத்தில் மகன் போன பத்தாம் நாள், அவன் ஆர்டர் போட்டிருந்த பெட்டி வந்தது. உள்ளே முழ நீள நீராவி ரயில் எஞ்சின், முன்னூறு துண்டுகளாக. தணிகாசலம் நான்கு மாதம் உட்கார்ந்து, காகிதத்தில் போட்டிருந்தபடியே ஒவ்வொன்றாகப் பூட்டி முடித்தார். சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை. கூடத்தில் தண்டவாளம் போட்டு, கொதிகலனில் தண்ணீர் ஊற்றிப் பற்றவைத்தார்.

"இருங்க, புது வண்டியில்ல?" என்று மனைவி செண்பகம் சக்கரத்தின் முன் எலுமிச்சம்பழம் வைத்தாள். மகனின் பைக்குக்கும் அவள்தான் வைத்தாள். அது ஏறிய வேகத்தில் பழம் கூழாகிவிட்டது. எஞ்சினோ பழத்தில் முட்டி, நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

"எடுத்துரட்டுமா?" என்றார்.

"வேணாம். இங்கயே நிக்கட்டும்."

நீராவி அடங்கியதும் தணிகாசலம் மறுபடி தண்ணீர் ஊற்றினார்.